வண்டி குலுங்குவது எப்போது? பழைய மேனுவல் காரின் ஜெர்க்கைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய சில வாரங்களிலேயே பலர் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் குறை இது: ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி சீராக எடுக்காமல் வெட்டி வெட்டி இழுக்கிறது. கேட்டதும் ஒருவர் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றச் சொல்வார். இன்னொருவர் கிளட்ச் போய்விட்டது என்பார். மூன்றாமவர் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த மூன்றில் எது கெட்டாலும் வண்டி குலுங்கத்தான் செய்யும். ஆனால் மூன்றையும் வரிசையாக மாற்றிப் பார்த்தால், வண்டி வாங்கிய விலையில் கால்பங்கு ஒர்க்‌ஷாப்பிலேயே போய்விடும்.

எந்தப் பாகத்தை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், வண்டி எப்போது குலுங்குகிறது என்று கவனிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதா? ஓடிக்கொண்டிருக்கும்போதா? மேட்டில் ஏறும்போது மட்டுமா? காலை முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால் கோளாறு பாதி பிடிபட்ட மாதிரி. அதற்குப் பணமும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். அதனால் அங்கே ஓடிய கேஏ நம்பர் வண்டிகள் நம் மாவட்டங்களுக்கு விலைக்கு வருவது சகஜம். மீட்டரில் நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று காட்டினாலும், அந்த நாற்பதாயிரமும் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு மாதிரியான நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே, ஊர்ந்து ஓடியதாக இருக்கலாம். அப்படி ஓடிய வண்டியின் இன்ஜின் இளமையாக இருக்கும், கிளட்ச் கிழடாக இருக்கும். தொப்பூர், சேலம் என்று நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டிக்கு லட்சத்தைத் தாண்டியும் முதல் கிளட்ச் பிளேட்டே நன்றாக இருப்பதுண்டு. கிலோமீட்டரை மட்டும் வைத்து கிளட்சை எடைபோட முடியாது.

சக்தி போகும் வழி

மேனுவல் காரில் இன்ஜினின் சக்தி சக்கரத்தை அடையும் வழி எளிமையானது. இன்ஜின் பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன்மேல் கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடித்துக்கொண்டு கியர் பாக்ஸைச் சுழற்றுகிறது. அங்கிருந்து ஆக்ஸில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ10 மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து இரண்டு ஆக்ஸில்கள் நேராக முன் சக்கரங்களுக்குப் போகும். பொலிரோ, ஆம்னி மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் நடுவே நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்று இருக்கும். அதன் முனைகளில் கிராஸ் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் இணைப்புகள் இருக்கும்.

இந்த வழியில் குலுக்கல் இரண்டு விதமாகப் பிறக்கும். ஒன்று, இன்ஜினில் உருவாகும் சக்தியே விட்டுவிட்டு வருகிறது. இன்னொன்று, சக்தி ஒழுங்காகத்தான் உருவாகிறது, ஆனால் அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களில் ஏதோ ஒன்று வழுக்குகிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது விட்டுவிட்டுப் பிடிக்கிறது. முதலில் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறிய உங்கள் முன்னாலேயே ஒரு கருவி இருக்கிறது: இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அந்த முள்ளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள். வண்டி குலுங்கும் நேரத்தில் முள்ளும் சேர்ந்து துடித்தால் இன்ஜின் பக்கம் சந்தேகம் வையுங்கள். முள் ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் அது இன்னும் தெளிவான தடயம்: இன்ஜினின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோ அந்த நொடியில் அறுந்து அறுந்து ஒட்டுகிறது என்று அர்த்தம். வண்டி வேகம் எடுக்காமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. முள் நிதானமாக ஏற, வண்டி மட்டும் அதிர்ந்தால் ஆக்ஸிலையும், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் பாருங்கள். சின்ன வண்டிகள் சிலவற்றில் ஆர்பிஎம் மீட்டரே இருக்காது. அவற்றில் காதைத்தான் நம்ப வேண்டும். பிறகு சொல்லப்போகும் ஸ்கேனர் அங்கே இன்னும் அதிகம் உதவும்.

முதலில் கியரைச் சந்தேகியுங்கள்

வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலே குலுங்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

சின்ன பெட்ரோல் கார் ஒன்றில் ஐந்தாவது கியரில் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு வேகம் தோராயமாக 30 முதல் 35 கிலோமீட்டர் இருக்கும். காவேரிப்பட்டணம் ஊருக்குள் வேகத்தடைக்காக 35-க்குக் குறைத்துவிட்டு, ஐந்தாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினால், இன்ஜின் சுமார் ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் முழு வண்டியையும் இழுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு மெதுவாகச் சுழலும்போது ஒரு சிலிண்டரின் வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி அதிகம். அந்த இடைவெளிகள்தான் உங்கள் முதுகில் உதையாகத் தெரிகின்றன. மூன்று சிலிண்டர் வண்டியில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். நான்கு சிலிண்டரில் கிராங்க் என்ற இன்ஜின் தண்டு 180 டிகிரி சுழலும்போதெல்லாம் ஒரு வெடிப்பு வரும், மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்றுதான் வரும்.

மைலேஜ் வேண்டும் என்று சீக்கிரம் டாப் கியருக்குப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து மிதித்துப் பாருங்கள். குலுக்கல் முழுதாக மறைந்தால் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு ஏசியை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். சின்ன இன்ஜினில் ஏசி கம்ப்ரஸர் ஆன், ஆஃப் ஆகும்போது லேசாக ஒரு இழுப்பும் விடுப்பும் வரும். சீரான இடைவெளியில் வந்து, ஏசியை அணைத்ததும் போய்விட்டால் அதற்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது மட்டும் அதிர்ந்தால்

ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விடும்போது முன்பக்கமே தடதடவென்று அதிர்கிறது, வண்டி நகர்ந்து கிளட்ச் முழுதாக விட்டதும் நின்றுவிடுகிறது. ரிவர்ஸிலும் அதே கதை. இப்படியென்றால் இன்ஜினில் கைவைக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட் பிளைவீலை ஒரே சீராகப் பிடிக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு இருக்கிறது.

இதற்குக் காரணங்கள் சில. ஹாஃப் கிளட்சில் அதிகம் ஓடி, பிளேட்டின் மேல்பரப்பு சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம். பிளைவீலில் சூட்டால் நீலத் திட்டுகள் விழுந்து, அந்த இடங்களில் பிடிமானம் மாறியிருக்கலாம். இன்ஜின் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸ் ஷாஃப்ட் சீலோ கசிந்து, பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. ஏனென்றால் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் சில மாதத்தில் அதே நிலைக்கு வரும். கிளட்ச் வேலையில் பெரிய செலவு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். அதனால் ஒருமுறை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, சீலையும் பார்த்து, பிளைவீலைக் கடைசல் பிடிக்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுவது நல்லது. புதுக் கிளட்ச் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசான அதிர்வு இருக்கலாம். பிளேட் பிளைவீலோடு பழகும்வரை மெதுவாக ஓட்டுங்கள்.

ஆனால் கிளட்சுக்குச் செலவழிக்கும் முன் இன்ஜின் மவுண்டிங்கைப் பார்த்துவிடுங்கள். மவுண்டிங் என்பது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேஸிஸில் தாங்கிப் பிடித்திருக்கும் ரப்பர் பாகம். அந்த ரப்பர் கிழிந்தாலும் கிளம்பும்போது இதே மாதிரி அதிர்வுதான் வரும், செலவோ கிளட்ச் வேலையை விட மிகக் குறைவு.

பார்க்கும் விதம் இது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்திக்கொள்ளட்டும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, வண்டி நகரத் துடிக்கும் புள்ளி வரை மட்டும் கிளட்சை மெல்ல விட்டு, உடனே திரும்ப மிதிக்கட்டும். பிறகு ரிவர்ஸிலும் அதையே செய்யட்டும். நீங்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். நல்ல மவுண்டிங் என்றால் இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பும். கிழிந்திருந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழும், விடும்போது 'டொக்' என்று உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பருக்கும் அதைச் சுற்றிய இரும்புக்கும் நடுவே வெடிப்பு தெரியும். சில வண்டிகளில் மவுண்டிங்குக்குள் எண்ணெய் இருக்கும். அதில் கறுப்பாகக் கசிந்திருந்தால் அதுவே போதுமான அடையாளம்.

கிளட்ச் வழுக்குவது வேறு. அதில் அதிர்வு இருக்காது, இழுவை இருக்காது. காலியான ரோட்டில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வண்டி பின்தங்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒருமுறை போதும்.

கால் வைத்ததும் ஒரு உதை

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி வைக்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரு உதை வந்தால், அது வழியிலுள்ள தளர்ச்சி. தேர் வடம் தொய்ந்து கிடக்கும்போது ஊரே சேர்ந்து இழுத்தால், தொய்வு முடிந்து வடம் விறைக்கும் அந்த நொடியில் தேர் ஒரு குலுக்கு குலுக்குமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. பின்சக்கர வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால், இணைப்பில் ஆட்டம் இருப்பது கையிலேயே தெரியும். மாம்பழ சீசனில் லோடு அடித்த பழைய பிக்கப் வண்டிகளில் இதை முதலில் பார்க்கலாம்.

முன்சக்கர வண்டிகளில் வேறொரு குணம் இருக்கும். 40-லிருந்து 60 கிலோமீட்டருக்குள் வேகம் எடுக்கும்போது மட்டும் முன்பக்கம் இடவலமாக ஆடும், காலை எடுத்தால் உடனே அடங்கும். ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்ததற்கு இது பெரும்பாலும் சரியான அடையாளம். வெளிப்பக்க ஜாயின்ட் போனால் ஸ்டீயரிங்கை முழுதாக வளைத்துக் கிளம்பும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருந்தால் அந்த ஜாயின்ட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எல்லா கியரிலும், பாரம் ஏறும்போது வெட்டினால்

இப்போது இன்ஜினுக்கு வருவோம். சிலிண்டர் ஒன்று ஒழுங்காக வெடிக்காமல் விடுவதைத்தான் பொதுவாக நாம் மிஸ்ஸிங் என்று சொல்கிறோம். 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. நான்கில் ஒன்று விட்டுவிட்டு வெடித்தால் அந்தக் குறை முழு வண்டியிலும் தெரியும்.

பெட்ரோல் வண்டியில் வெடிப்புக்குத் தேவை மூன்று: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவு பெட்ரோல், சரியான அளவு காற்று. பாரம் ஏறும்போதுதான் இவற்றின் பலவீனம் வெளியே வரும். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் பக்கம் மலை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாண்டுவது கடினம். சமதளத்தில் சமாளித்த தேய்ந்த பிளக் அங்கே கைவிடும். அதனால்தான் தருமபுரி டவுனுக்குள் ஓட்டும்போது தெரியாத குறை மேட்டில் தெரிகிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய வேலை. இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். எது எந்த சிலிண்டருடையது என்று குறித்து, ஒரு துணியில் வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி இளம்பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கரி பிடித்து மைபோல் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரில் பொறி பலவீனம், அல்லது பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்காக ஈரமாக இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் ஏறுகிறது. பழைய வண்டி வாங்குபவருக்கு இது கவலைப்பட வேண்டிய செய்தி. எல்லாமே வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகவே தாவியிருக்கிறது. முனையின் இடைவெளி பல வண்டிகளில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஓனர் மேனுவலில் பாருங்கள். சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது வழக்கம். இரிடியம் பிளக் அதைவிடப் பல மடங்கு தாங்கும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாதபோது, புதிது போடுவதில் தவறே இல்லை. மொத்த வேலையிலும் இதுதான் செலவு குறைந்தது.

பெட்ரோல் பக்கத்துக் குறைக்குத் தனி அடையாளம் உண்டு. மெதுவாகப் போகும்போது எந்தத் தொந்தரவும் இராது. 80-ஐத் தாண்டி மிதிக்கும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும், இழுத்துக்கொண்டிருந்த கை விட்ட மாதிரி சக்தி குறையும். ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்க்குக்குள் இருந்து பெட்ரோலை அனுப்பும் மோட்டார் தளர்ந்திருக்கலாம். பல சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோலின் அழுத்தம் 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். கேஜ் வைத்துப் பார்க்காமல் மோட்டாரை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியென்றால் பெட்ரோலையே சந்தேகிக்கலாம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றிப் பார்ப்பது முதல் வேலை.

காற்றுப் பக்கம் நம் ஊருக்கு முக்கியம். கிரானைட் லாரிகள் ஓடும் ரோடுகளிலும் மண் ரோட்டிலும் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால், டிராஃபிக்கில் லேசாகக் கால் வைக்கும்போது வண்டி தயங்கித் துள்ளும், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங்கும் நிலையாக இராது. அதற்கென்று உள்ள கிளீனர் போட்டுத் துடைத்தால் சரியாகும். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் அந்தத் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே உள்ள கியர் கெட்டுவிடும். ஏதாவது ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போனாலும் இதே தயக்கம்தான். அப்போது இன்ஜின் பக்கம் மெல்லிய 'உஸ்' சத்தம் கேட்கும்.

எலியையும் மறந்துவிடாதீர்கள். தோட்டத்து வீடுகளில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரால் வரும் ஜெர்க் கொஞ்சநஞ்சமல்ல. சென்சாரை மாற்றும் முன், அதற்குப் போகும் ஒயரை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி எர்த் ஒயரின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கேஸ் கிட் போட்ட வண்டிக்கு ஒரு வசதி இருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றி அதே ரோட்டில் ஓட்டுங்கள். பெட்ரோலில் சீராக ஓடி, கேஸில் மட்டும் வெட்டினால் கிட்டின் ஃபில்டர், ரெகுலேட்டர், டியூனிங் என்று தேடலாம். ஆனால் கேஸுக்குப் பெட்ரோலை விட வலுவான பொறி வேண்டும், அதனால் தேய்ந்த பிளக்கும், பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தரும் காயிலும் கேஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிளக்கைப் பார்த்துவிட்டு கிட்காரரிடம் போங்கள்.

டீசல் வண்டியில் பிளக் பொறி என்ற பேச்சே இல்லை. அங்கே முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர். பல வண்டிகளில் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். இழுவை குறைந்து கறும்புகை தள்ளினால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாய் எங்காவது பிளந்திருக்கலாம். குழாயின் மேல் எண்ணெய் கலந்த தூசி ஒட்டியிருக்கும் இடம்தான் பெரும்பாலும் கசியும் இடம். ஒரே வேகத்தில் லேசாகக் கால் வைத்துப் போகும்போது மட்டும் முன்னும் பின்னும் ஆடினால், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டரைக் கழற்றுவது கடைசி வேலை. அதைக் கழற்றினால் டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளந்து, ரிப்போர்ட்டைக் கையில் தரச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும். சின்ன புளூடூத் கருவியை அதில் செருகினால் போனிலேயே கோளாறு எண்ணைப் படிக்கலாம். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0171 என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு.

எண்ணைப் பார்த்ததும் பாகம் வாங்க ஓடக் கூடாது. பி0301 என்பது முதல் சிலிண்டரில் குறை என்கிறதே தவிர, குறை பிளக்கிலா, காயிலிலா, இன்ஜெக்டரிலா என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க அழகான வழி இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை முதலிலும் மாற்றிப் போடுங்கள். எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. பி0301 அங்கேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதே போல இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் முடியும் வேலை இது. இதைச் செய்து காட்டும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கிளட்ச், மவுண்டிங், ஆக்ஸில் ஜாயின்ட் இவற்றின் தேய்மானத்தைச் சொல்லப் பொதுவாக சென்சார் கிடையாது. எண் எதுவும் வரவில்லை, வண்டியோ குலுங்குகிறது என்றால் சக்தி போகும் வழிப்பக்கம் கவனத்தைத் திருப்ப அது ஒரு காரணம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

"அண்ணா, வண்டி ஜெர்க் அடிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகத்தில்தான் தொடங்குவார். "அண்ணா, காலையில ஒண்ணும் இல்லைங்க. அரை மணி நேரம் ஓடி சூடானதும், மூணாவது கியர்ல மேடு ஏறும்போது மட்டும் வெட்டுது. ஏசி போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரிதான். முள்ளும் சேர்ந்து ஆடுது" என்று சொல்லுங்கள். அவர் கிளட்ச் பக்கமே போகமாட்டார். நேராக காயில், பிளக், பெட்ரோல் அழுத்தம் என்று போவார். போனில் ஒரு குறிப்பு திறந்து, குலுங்கும்போதெல்லாம் கியர், வேகம், ஆர்பிஎம், சூடு, மேடா சமதளமா, டேங்க்கில் எவ்வளவு என்று எழுதிவைத்தால் போதும். வண்டியை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

வாங்குவதற்கு முன் பார்ப்பதென்றால், விற்பவரிடம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை என்று இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். சிறு மேட்டில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள், ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள். இதற்கு தொப்பூர் கணவாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். லாரிகள் நெருங்கி ஓடும் இடத்தில், பழகாத வண்டியில், முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்து உள்சாலைகளில் போக்குவரத்து குறைந்த நேரத்தில் போதுமான ஏற்ற இறக்கம் கிடைக்கும். ஸ்கேனர் வைத்திருந்தால் எண்கள் சமீபத்தில் அழிக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். பல ஆப்களில், அழித்த பிறகு ஓடிய தூரம் தெரியும். நேற்று அழித்து இன்று விற்பவரிடம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, குலுங்கும் வண்டியை ஓட்டலாமா? மவுண்டிங் கிழிந்திருந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். கிளட்ச் அதிர்வோடு சில நாள் சமாளிக்கலாம், கருகிய வாடை வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆக்ஸில் ஜாயின்டோ புரொப்பல்லர் கிராஸோ சத்தத்தோடு ஆடினால் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஓடும்போது கழன்றால் வண்டி கட்டுக்கு அடங்காது. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் விரைவில் பார்த்தால் போதும். அது மின்னி மின்னி எரிந்தால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது, அதை உருக்கிவிடக்கூடிய சூடு அது. கன்வெர்ட்டரின் விலை நான்கு பிளக், நான்கு காயில் எல்லாவற்றையும் சேர்த்ததை விடப் பல மடங்கு. காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே கூப்பிடுங்கள்.